மாரிச்செல்வி தலையாட்டினாள்

“மேடம், நீங்க என் பாடத்தைப் பார்க்கவே இல்லையே?”

அல்போன்ஸ் பணிவாகத்தான் கேட்டார். பணிவுக்கு அடியில் கோபம் இருந்தது.

பதினெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தபாலில் கணக்குப் பட்டம் வாங்கி, வேலையை விட்டு, நாற்பத்தோரு வயதில் பல்கலைக்கழகத்தில் பி.எட். சேர்ந்தார். இப்போது கற்பித்தல் பயிற்சி. ஓர் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

அவரை மேற்பார்வை செய்யும் பேராசிரியை ஹாஜிராவுக்கு வயது முப்பத்திரண்டு.

ஹாஜிரா மூன்று முறை வந்துவிட்டார். மூன்று முறையும் நாற்காலியைக் கரும்பலகைக்கு ஓரமாகப் போட்டு, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அல்போன்ஸ் பக்கம் திரும்பவே இல்லை. பதிவேட்டில் எழுதியது ஒரே வரி.

‘குரல் கணீரென்று இருக்கிறது.’

“சார்ட் வரைஞ்சேன். கலர் சாக்பீஸ்ல எழுதினேன். நீங்க ஒரு தடவைகூடத் திரும்பல.”

“நாளைக்கு உங்க வகுப்பை நான் எடுக்கறேன்” என்றார் ஹாஜிரா. “நீங்க என் நாற்காலியில உட்காருங்க.”

“எதைக் கவனிக்கணும் மேடம்?”

“உட்காருங்க, போதும்.”

மறுநாள் அல்போன்ஸ் உட்கார்ந்தார்.

பின்னால் சாக்பீஸ் உரசும் சத்தம் கேட்டது. ஹாஜிராவின் குரல் கேட்டது. ஐந்திலிருந்து கழித்தல் மூன்றை, அதாவது மைனஸ் மூன்றை, கழித்தால் எட்டு. அல்போன்ஸ் முந்தின வாரம் நடத்திய அதே கணக்கு.

எதிரே முப்பத்திரண்டு முகங்கள். இருபது நாளாகப் பார்த்த முகங்கள்தான். வாயை மூடிக்கொண்டு பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது பெஞ்சில் மாரிச்செல்வி. வகுப்பிலேயே சுத்தமான நோட்டு அவளுடையது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஓர் அடித்தல் இல்லாமல் எழுதுவாள். போன வாரம் அந்த நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டியிருந்தார் அல்போன்ஸ்.

“புரிஞ்சுதா?” என்று ஹாஜிரா கேட்டார்.

“புரிஞ்சுது மிஸ்!”

மாரிச்செல்வியும் தலையாட்டினாள்.

ஆனால் ஆட்டுவதற்கு முன் அவள் கண் இடப்பக்கம் போனது. வலப்பக்கம் போனது. மற்ற தலைகள் ஆடுவதைப் பார்த்தது. அதன் பிறகுதான் ஆட்டினாள். ஒரு விநாடிகூட இருக்காது.

ஹாஜிரா இன்னொரு கணக்கு போட்டார். பிள்ளைகள் கூட்டமாக விடை சொன்னார்கள். மாரிச்செல்வியின் உதடும் அசைந்தது. அதில் எண் எதுவும் இல்லை. கட்டைவிரல் நகம் மட்டும் பெஞ்சு விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

அல்போன்ஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்து காதைக் கூர்மையாக்கினார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஆள் இருந்தும் கதவைத் தட்டாமல் இருந்தால் அவர் இப்படித்தான் காது கொடுப்பார்.

வகுப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்தார்கள்.

“அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே புரியல மேடம்.”

“எந்தப் பிள்ளை?”

“மாரிச்செல்வி. அவ நோட்டுல ‘மிக நன்று’ன்னு எழுதிக் கொடுத்தேன். எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டினேன்.”

ஹாஜிரா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

“மேடம், நீங்க மொத நாளே பார்த்துட்டீங்களா?”

“ஆமா.”

“ஏன் மேடம் சொல்லல?”

“சொல்லியிருந்தா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான். இப்ப நீங்களே பார்த்துட்டீங்க.”

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த மாரிச்செல்வியை அல்போன்ஸ் தனியாகக் கூப்பிட்டார்.

“எதும்மா புரியல? பயப்படாம சொல்லு.”

அவள் முகம் வெளுத்தது.

“எல்லாம் புரியுது சார்.”

“நெஜமா?”

தலையாட்டினாள். வேகமாக, பல முறை.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. வயிற்றுவலி என்றாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அல்போன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஓடினார். ஹாஜிரா தன் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“மேடம், கேட்டுக் கெடுத்துட்டேன். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வரல. இனிமே வராமலே போயிட்டா? எனக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு.”

ஹாஜிரா பேனாவை மூடினார்.

“உக்காருங்க. எதிர்மறை வலுவூட்டல்னா என்ன?”

இந்த நேரத்தில் இது எதற்கு என்று அல்போன்சுக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னார்.

“தண்டனை இல்ல மேடம். தொந்தரவு ஒண்ணு விலகுறதால ஒரு செயல் பழக்கமாகுறது. மாத்திரை போட்டா தலைவலி போகுது, அதனால அடுத்த தடவையும் மாத்திரையைத் தேடுறோம்.”

“சரி. ஆகஸ்ட்ல அதை நான் மொத தடவை நடத்தினப்ப உங்களுக்குப் புரிஞ்சுதா?”

அல்போன்சின் கண் மேசைமேல் இருந்த விடைத்தாள்களுக்குப் போனது.

“தலையாட்டினீங்க” என்றார் ஹாஜிரா.

“...ஆமா மேடம். புரியல. சின்னப் பிள்ளைங்களுக்கு நடுவுல, இந்த வயசுல, கை தூக்கக் கூச்சமா இருந்துச்சு.”

“அடுத்த வகுப்புல சீட் பெல்ட் போடலைன்னா கார்ல கத்துமே, அந்தச் சத்தத்தைச் சொன்னேன். தலையாட்டினீங்க. அதுக்கடுத்து, வீட்டுப்பாடம் எழுத ஆரம்பிச்சா அம்மா திட்டுறதை நிறுத்துவாங்கன்னு சொன்னேன். அப்பவும் ஆட்டினீங்க. நாலாவதா, வேற ஏதோ பாடத்துக்கு நடுவுல, தலைவலி மாத்திரை.”

அல்போன்ஸ் நிமிர்ந்தார்.

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. மேடம் பேச்சுவாக்கில் எதையோ சொல்ல, தன் மண்டைக்குள் தானாகவே ஒரு விளக்கு எரிந்தது என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தார். மனைவியிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

“அது... எனக்காகவா மேடம்?”

“அன்னிக்கு உங்களுக்காக.”

“வகுப்புல அறுபது பேர் இருந்தோமே.”

“ஆமா” என்றார் ஹாஜிரா. “அறுபது பேர்.”

அல்போன்சுக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்றார். அவரைவிட ஒன்பது வயது இளைய அந்தப் பெண் பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

திங்கட்கிழமை மாரிச்செல்வி வந்தாள்.

அல்போன்ஸ் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் பக்கம் அதிகமாகப் பார்க்கவும் இல்லை. பழைய கணக்கை எல்லாருக்குமாகத் திரும்ப எடுத்தார்.

லிஃப்ட் படம் வரைந்தார். தரைக்கு மேலே ஐந்து மாடி, கீழே மூன்று. பாதியிலேயே நிறுத்தினார். முகங்களைப் பார்த்தபோது தெரிந்தது, அங்கே ஒருவர்கூட லிஃப்டில் ஏறியதில்லை.

அடுத்த நாள் கிணற்றுப் படி. அதற்கடுத்த நாள் கறுப்பும் வெள்ளையுமாகச் சோழி. ஒவ்வொரு முறையும் மாரிச்செல்வியின் கண் இடப்பக்கம் போய், வலப்பக்கம் போய், தலை ஆடியது.

பயிற்சியின் கடைசி நாள், பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். சுண்ணாம்புத் தூளால் நீளக் கோடு போட்டு எண்களை எழுதினார். ஹாஜிரா சைக்கிள் கொட்டகை நிழலில் வந்து நின்றார்.

“அஞ்சுல நில்லு. கழித்தல்னா சைபர் பக்கம் திரும்பு. கழித்தல் மூணுன்னா திரும்புனபடியே பின்னால மூணு அடி வை.”

ஒவ்வொருவராக நடந்தார்கள். எல்லாரும் எட்டில் போய் நின்றார்கள். மாரிச்செல்வியும் எட்டில் நின்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“புரிஞ்சுதா?” என்று அல்போன்ஸ் கேட்கவில்லை.

சும்மா நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் தலையும் ஆடவில்லை.

“சார்.”

மாரிச்செல்வி எட்டாம் எண்ணை விட்டு நகராமல் நின்றாள். தாவணி வயதுகூட ஆகாத அந்தப் பிள்ளையின் குரல் நடுங்கியது.

“எட்டு வருதுன்னு தெரியுது சார். ஏன் வருதுன்னு தெரியல. கழிச்சா கொறையணும்ல? எப்படி சார் கூடுது? மொத நாள்லேர்ந்து எனக்கு இதான் புரியல.”

யாரும் சிரிக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. “எனக்கும் சார்.”

இன்னொரு கை. ஓரத்திலிருந்து நான்கு கைகள். பிறகு எண்ண முடியவில்லை. கடைசியாக, முதல் ரேங்க் வாங்கும் ஜெபஸ்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் கையையும் தூக்கினான்.

வெயிலில் அத்தனை சின்னக் கைகள். அல்போன்ஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல் என்ற விதி வந்தது. விதிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினார். தேடிக்கொண்டே நின்றார்.

மெதுவாகத் தன் கையையும் உயர்த்தினார்.

மாரிச்செல்வியின் கண்கள் விரிந்தன.

“சாருக்குமா?”

“ஆமாம்மா” என்றார் அல்போன்ஸ். “ஏழாம் வகுப்புலேர்ந்து.”