மீன் எண்ணெய் மாத்திரை

இருதயராஜுக்கு அன்று காலையிலிருந்தே கோபம் தலைக்கேறி நின்றது. அதை அடக்கிவைக்க அவர் முயலவும் இல்லை.

ஸ்கேன் மெஷின் மூளைப் படங்களை ஒரு வகைக் கோப்பாகத் தரும். ஆபரேஷன் அறையிலுள்ள கம்ப்யூட்டருக்கு அது புரியாது. வேறு வகைக் கோப்பாக மாற்றித் தர வேண்டும். இரண்டு மாதமாக அந்த வேலை அவருடையது. நேற்று அவர் மாற்றித் தந்த படத்தில் காளியாயி என்ற அம்மாவின் மூளைக்கட்டி வலப்பக்கம் இருந்தது. அந்த அம்மாவுக்கோ வலது கை விளங்கவில்லை. வலது கை விழுந்தால் கோளாறு மூளையின் இடப்பக்கம். சர்ஜன் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் நாளைக் காலையில் நல்ல பக்கத்தைத் திறந்திருப்பார்கள்.

நர்சுகள் முன்னால் சர்ஜன் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவர் கோபம் காகிதத்தில் இறங்கியது. கோப்பை மாற்றும் புரோகிராமை எழுதியவனுக்கு மூன்று பக்கக் கடிதம். சோற்றுக்கை எது, பீச்சாங்கை எது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, உனக்குத் தெரியாதா என்று கேட்டிருந்தார். எழுதியவன் எந்த ஊர்க்காரனோ, பேர் என்னவோ. பெறுநர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

கடிதம் போக வேண்டுமானால் துறைத் தலைவி தில்ஷாத்தின் கையெழுத்து வேண்டும். அவர் மேஜையில் அதை வைத்தார். இருதயராஜைவிட எட்டு வயது இளையவர் அந்த அம்மையார். தொழிலை அவரிடம்தான் இருதயராஜ் கற்றுவந்தார்.

"ஒரு கோப்பு நோயாளியோட இடதைச் சொல்லுது, இன்னொண்ணு எதிர நின்னு பாக்குறவரோட இடதைச் சொல்லுது, புரோகிராம் ரெண்டையும் குழப்பிடுச்சு, மேடம். ஒரே தலை. அதுக்கு எப்படி ரெண்டு இடது இருக்க முடியும்?"

தில்ஷாத் மூன்று பக்கத்தையும் படித்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மீன் எண்ணெய் மாத்திரையையும் பிளாஸ்திரியையும் எடுத்து நீட்டினார்.

"அவங்களுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்துடலாம். இதை வலது நெத்திப்பொட்டுல ஒட்டுங்க. படத்துல வெள்ளையாத் தெரியும். அப்புறம் எந்தப் பக்கம்னு யாரும் சண்டை போட வேண்டாம்."

"கையெழுத்து?"

"முதல்ல ஒட்டுங்க."

நியாயம் கேட்டு வந்தவனுக்கு பிளாஸ்திரியா என்று பொருமிக்கொண்டே போனார். காளியாயி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். செத்த கையை மடியில் வைத்து, மற்ற கையால் அதைப் பிடித்திருந்தார். வலது நெற்றிப்பொட்டில் மாத்திரையை ஒட்டச் சொல்லி மேடம் அனுப்பியதாக அவரிடம் சொன்னார். இருதயராஜ் அவர் எதிரே நின்று, பேர் தெரியாத அந்தப் புரோகிராம்காரனைப் பல்லுக்குள் திட்டியபடியே மாத்திரையை வைத்து, பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினார்.

காளியாயி கொஞ்சம் தயங்கினார்.

"ஏனுங்க சார், வலப்பக்கம்னுதானே அந்தம்மா சொன்னாங்க?"

"ஆமா. வலப்பக்கம்தான் ஒட்டியிருக்கேன்."

காளியாயி மடியிலிருந்த கையை மற்ற கையால் தூக்கிக் காட்டினார். "என்ற சோத்தாங்கை இதுங்க."

இருதயராஜ் பார்த்தார். மாத்திரை தன் வலது கைக்கு நேராக இருந்தது. காளியாயியின் இடது நெற்றிப்பொட்டில் இருந்தது.

கோபம் உடனே போய்விடவில்லை. ஒரு நொடி அது காளியாயி மேலேயே திரும்பியது. அதை நினைத்துத்தான் அவருக்கு அதிக வெட்கமாக இருந்தது. பிளாஸ்திரியை மெல்லப் பிரித்தார். அந்த அம்மா தூக்கிப் பிடித்திருந்த கையின் பக்கமாகப் பார்த்து ஒட்டினார்.

திரும்பியபோது வாசலில் தில்ஷாத் நின்றிருந்தார். கையில் அந்தக் கடிதம். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"இருந்தாலும் அவன் செஞ்சது தப்புதானே, மேடம்?" இருதயராஜின் குரல் இறங்கியிருந்தது.

"தப்புதான்."

கடிதத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார் தில்ஷாத். பேனாவையும் சேர்த்து அவரிடம் நீட்டினார்.

"பெறுநர் பேரை நீங்களே எழுதிக்கங்க."