மண்டபத்துக்கு வந்த குளிர்ச்சி

வேம்பங்குடியை ஆண்ட மகுடவர்மர் தங்கமான ராஜாதான். வியர்த்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த நேரம் பார்த்துப் புது மண்டபத்தில் முதல் சபை கூடியது.

மண்டபம் கண்ணைப் பறித்தது. சுவரெல்லாம் சித்திரம், தரையெல்லாம் பளிங்கு. ஜன்னல் வழியே மட்டும் அனல் வீசியது. அரை நாழிகைக்குள் ராஜாவின் பட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இதென்ன மண்டபமா, செங்கல் சூளையா?" என்று கத்தினார்.

கட்டட வேலையை நடத்தியவர் மந்திரி அரங்கராயர். மனுஷன் சும்மா இருப்பாரா? பழியைத் தூக்கிக் கொத்தனார் ஒச்சப்பன் தலையில் போட்டார். "எல்லாம் இவன் செய்த வேலை, மகாராஜா!"

ஒச்சப்பன் ஓடிவந்து கும்பிட்டான். "சாமி, அஸ்திவாரம் தோண்டும்போதே கேட்டேன். ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டணும், வெளியே ஆள் நின்னு அதை நனைக்க மேடை வேணும், வடியிற தண்ணி போக மடை வேணும்னு. மந்திரி ஐயாதான், அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், ராஜா பிறந்தநாளுக்குள்ள முடின்னாரு."

"புளுகுகிறான்!" என்றார் மந்திரி.

ராஜாவுக்கு விசாரிக்கப் பொறுமை ஏது? "நாளை உச்சிவேளைக்கு இந்த மண்டபம் குளிர வேண்டும். தரையிலோ சுவரிலோ ஒரு துளை விழக்கூடாது. இல்லையென்றால் ஒச்சப்பன் குடும்பத்தோடு நாட்டை விட்டு ஓடட்டும்!"

ஒச்சப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வீட்டில் பெண்டாட்டி நிறைமாதக் கர்ப்பிணி. இந்த வெயிலில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவான், பாவம்!

அப்போது வெள்ளியம்பலம் எழுந்தார். ராஜாவையே கேலி பேசத் துணிச்சலுள்ள ஒரே சபைக்காரர் அவர்தான். "அந்த வேலையை என்னிடம் விடுங்கள், மகாராஜா. குளிரவைப்பது என் பாடு."

மறுநாள் உச்சிவேளை. ஜன்னல்தோறும் வெட்டிவேர்த் தட்டி. வெளியே நிற்க இடமில்லை அல்லவா? உள்ளேயே ஏணி போட்டு, ஆட்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அடடா, என்ன வாசனை! என்ன குளிர்ச்சி! ராஜா கண்ணை மூடிச் சொக்கிப்போனார்.

"பலே, வெள்ளியம்பலம், பலே!"

காலில் ஏதோ ஜில்லென்றது. கண்ணைத் திறந்தார். அவருடைய பாதக்குறடு ஒன்று மிதந்து போய்க்கொண்டிருந்தது. புலவர்கள் ஏட்டுக்கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சேனாதிபதி ஆசனத்தின் மேலேறிக் குந்தியிருந்தார்.

"என்னய்யா கூத்து இது? தண்ணீரை வெளியே விடு!"

"எந்த வழியாக விடுவது, மகாராஜா? வாசற்படி முழ உயரம். துளை போடவோ உங்கள் உத்தரவு இல்லை. மடை வைக்காத கட்டடத்தில் குளிர்ச்சி இப்படித்தான் வரும்."

ராஜா அசடு வழிந்தார். ஒச்சப்பன் பக்கம் திரும்பினார். "இப்போது மடை வெட்டினால் எத்தனை நாளாகும்?"

"முடிச்ச தரையை உடைச்சுச் செய்யணும் சாமி. கோடையே முடிஞ்சிடும்."

"அதுவரை நான் இங்கே வேகவா?"

"எதற்கு?" என்றார் வெள்ளியம்பலம். "ஊருக்குள் ஒரு புது வீடு இருக்கிறதே! தரையில் மடை, ஜன்னலுக்கு வெளியே மேடை, எல்லாம் அஸ்திவாரத்திலேயே யோசித்து வைத்தது. போன மாதம்தான் பால் காய்ச்சினார்கள். கட்டியவன் இதே ஒச்சப்பன்."

"அப்படியா? யார் வீடு?"

அரங்கராயருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"நம் மந்திரியாருடையதுதான், மகாராஜா. அங்கே மட்டும் ஒச்சப்பன் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்யச் சொல்லியிருக்கிறார்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி தண்ணீரைப் பார்த்தார்.

"ஒச்சப்பா, ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ எங்கேயும் போகவேண்டாம்" என்றார் ராஜா. "நான்தான் போகிறேன். மந்திரி வீட்டுக்கு, கோடை முடிகிறவரைக்கும்."

"அப்படியானால் நான் எங்கே போவேன், மகாராஜா?" என்று அலறினார் அரங்கராயர்.

வெள்ளியம்பலம் ஒரு காலிக் குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இவ்வளவு பெரிய மண்டபம் காலியாகத்தானே கிடக்கப்போகிறது, ராயரே! தண்ணீரை இறைத்துவிட்டுக் குடிவாருங்கள்."