நாச்சம்மாளின் மணிக்கட்டு

கோபிசெட்டிபாளையத்தில் முதியவர்களுக்கென்று ஒரு சிறிய மருத்துவமனை இருந்தது. டாக்டர் நிலோபர் அதை நடத்திவந்தார். முதுமை மருத்துவம் கற்க அவரிடம் வந்து சேர்ந்தவர் டாக்டர் சபாபதி. கிராமத்துச் சுகாதார நிலையங்களில் பாதி ஆயுளைக் கழித்தவர். மாணவருக்குத் தலை முழுக்க நரை. ஆசிரியர் அவரைவிட இளையவர். புதிதாக வரும் நோயாளிகள் சபாபதியைத்தான் கும்பிடுவார்கள். அவர் கூச்சத்தோடு நிலோபரைக் கைகாட்டுவார். சபாபதி அவரை மேடம் என்பார். நிலோபர் இவரை சார் என்பார்.

ஒரு நாள் காலை, வார்டுக்குள் போகும் முன் சபாபதி ஒரு சந்தேகம் கேட்டார். முந்தைய நாள் நிலோபர் நடத்திய பாடத்திலிருந்துதான். உடம்பில் பழுதுபட்ட செல்கள் பல, பெருகுவதைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன. பழுதோடு பெருகினால் புற்றாகிவிடக்கூடும் என்பதால் உடம்பு செய்துவைத்த ஏற்பாடு அது. ஆனால் அப்படி நின்றுபோனவற்றில் சில, சாகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. வயது ஏற ஏற அவை சேர்கின்றன. அக்கம்பக்கத்தைப் புண்ணாக்குகின்றன. அந்தப் புண்பட்ட இடமே ஒரு நாள் புற்று வளர வழிவிடுகிறது.

"அப்ப முதுமைங்கிறது காவலா, கேடா மேடம்?"

நிலோபர் கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே, "மூணாம் கட்டில்ல யாரு சார்?" என்றார்.

மூன்றாம் கட்டிலில் நாச்சம்மாள். ஆதார் அட்டைப்படி எண்பத்திரண்டு வயது. பெருங்குடலில் கட்டி. புற்றுதான். வேறெங்கும் பரவவில்லை. வெட்டி எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் சில மாதங்களில் குடலை அடைத்துக்கொள்ளும். வெட்ட வேண்டாம், வலிக்கு மருந்து கொடுத்து இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சபாபதி சொன்னார்.

காரணம் கேட்டார் நிலோபர்.

வயதுதான் காரணம் என்றார் சபாபதி. இந்தக் கட்டியை எடுத்தால் வயது இன்னொன்றைக் கொண்டுவரும். வயதுக்கு எங்கே போய் வைத்தியம் செய்வது. அதோடு, மகன் துரைசாமி நேற்று அவரை ஓரமாக அழைத்துப் பேசியிருந்தான். அம்மாவிடம் வாய்வுக் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறார்களாம், யாரும் வாய் திறக்கக் கூடாதாம். அப்பாவுக்கு நினைவு தப்பிப் பல வருடம் ஆகிறது, மகனையே தெரியவில்லை. அப்பாவுக்கு முன்னால் பூவோடும் பொட்டோடும் போய்விட வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே வேண்டுதல் என்று துரைசாமி சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலில் அவள் அதைத்தான் கேட்பாளாம்.

"அம்மா கேட்டது கிடைக்குது. நாம எதுக்குக் குறுக்க நிக்கோணும்னான் மேடம். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது."

"அந்தம்மாகிட்டக் கேட்டீங்களா?"

"எதை மேடம்? புற்றுன்னே அவங்களுக்குத் தெரியாதே."

நிலோபர் நடக்க ஆரம்பித்தார்.

நாச்சம்மாள் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சபாபதியைப் பார்த்ததும், வாங்க பெரிய டாக்டரே என்றாள். பின்னாலேயே வந்த நிலோபரிடம், நர்சம்மா இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தீங்களா என்று கேட்டாள். சபாபதி பதறினார். நிலோபர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து வயதைக் கேட்டார்.

ஆதாரில் இருக்கிறதே என்றாள் நாச்சம்மாள்.

ஆதாருக்கு யார் சொன்னது என்றார் நிலோபர்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிய வயதுதான் என்றவள் சிரித்துவிட்டாள். அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருடம்.

"எனக்கு எட்டலீங்க. எங்கப்பன் பின்னால நின்னு முழங்கையை ஒரு அமுக்கு அமுக்குனாரு. எட்டிருச்சு. வாத்தியாரு அஞ்சுன்னு எழுதிக்கிட்டாரு."

நிலோபரும் சிரித்தார். "வாத்தியார் முறை நல்லாத்தான் இருக்கு. நானும் ஒரு பரீட்சை வைக்கட்டுங்களா? முழங்கையை அமுக்க யாரும் வர மாட்டாங்க."

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழுந்தாள். நடைக்கோடியில் இருக்கும் குழாய் வரை போய் ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தாமல் கொண்டுவரச் சொன்னார். நாச்சம்மாள் போய் இரண்டு டம்ளரோடு வந்தாள். மூச்சு வாங்கவில்லை. ஒன்றை நிலோபரிடம் கொடுத்துவிட்டு, மற்றதைச் சபாபதியிடம் நீட்டி, உங்களைப் பார்த்தால்தான் களைப்பாகத் தெரிகிறது என்றாள்.

தண்ணீரை வாங்கும்போது நிலோபர் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டு வீங்கி, ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இது எப்படி என்று கேட்டார்.

"அதுங்களா. அவரைத் தூக்கித் தூக்கி வந்ததுங்க."

தினமும் காலையில் கணவர் சென்னியப்பனைத் தூக்கி உட்கார வைத்து, முகம் கழுவி, கஞ்சி ஊட்டுவது அவள்தான். வேறு யார் கையில் கரண்டி இருந்தாலும் அவர் வாயைத் திறப்பதில்லை. இவள் இங்கே வந்ததிலிருந்து மகன் முயன்று பார்க்கிறான். அப்பா துப்பிவிடுகிறாராம்.

நிலோபர் சபாபதியின் விரலைப் பிடித்து அந்த வீக்கத்தின்மேல் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க சார். இது காவலா, கேடா?"

சபாபதி விரலை எடுக்கவில்லை.

வயிற்றில் இருப்பது என்னவென்று சொன்னார்கள் என்று நிலோபர் நாச்சம்மாளைக் கேட்டார்.

"வாய்வுக் கட்டின்னான் பையன்." பையின் முடிச்சை இறுக்கினாள். "வாய்வுக் கட்டிக்கா அவன் கதவுக்கு வெளிய நின்னு மூக்கைத் துடைப்பான்? நீங்க சொல்லுங்க நர்சம்மா."

நிலோபர் சொன்னார். இருப்பதைச் சொன்னார். வெட்டி எடுக்கலாம், அதில் ஆபத்தும் உண்டு, இந்த வயதில் ஆறுவதற்கு நாளாகும். வெட்டாமல் விட்டால் என்னவாகும் என்பதையும் மறைக்கவில்லை. கடைசியாக, மாரியம்மனிடம் என்ன கேட்பீர்கள் என்றார்.

"முந்தியெல்லாம் கேட்டது வேறங்க. பூவோட பொட்டோட கூட்டிக்கன்னு கேப்பேன். அவருக்கு நெனவு போன பொறவு மாத்திக்கிட்டேன்."

"என்னன்னு?"

"அவரு போன மறுநாளு என்னைக் கூட்டிக்கன்னு."

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பையனுக்குத் தெரியாதுங்க. அப்பன் சாகோணும்னா நீ கும்பிடறேன்னு கேப்பான். வெட்டிருங்க, அவன்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க."

வெளியே போய்த் துரைசாமியிடம் பேசியவர் சபாபதிதான். தன் யோசனை தவறு என்பதிலிருந்து ஆரம்பித்தார். அம்மா வேண்டுதலை மாற்றிக்கொண்டதையும் சொன்னார். துரைசாமி சுவரோடு சாய்ந்து நின்று கேட்டான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றான். பிறகு, அதுவரைக்கும் அப்பாவுக்கு யார் ஊட்டுவது என்று கேட்டான்.

அவரையும் அழைத்துவரச் சொன்னார் நிலோபர். நான்காம் கட்டில் காலியாகத்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை பெரிய மருத்துவமனை ஒன்றில் நடந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது. திரும்பி வந்த நாச்சம்மாளுக்குப் புண் எளிதில் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது. நடுவில் ஒரு பகல் முழுக்க நினைவு குழம்பிச் சபாபதியை அப்பா என்று கூப்பிட்டு, முழங்கையை அமுக்கச் சொன்னாள். அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கேட்டபோதெல்லாம் முழங்கையை அமுக்கினார்.

பக்கத்துக் கட்டிலில் சென்னியப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்சுகள் மாறி மாறி ஊட்டினார்கள். பாதியைத் துப்பினார்.

பிறகு காய்ச்சல் விட்டது. ஒரு காலை ஆசிரியரும் மாணவரும் வார்டுக்குள் வந்தபோது நாச்சம்மாள் எழுந்து, இரண்டு கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். கணவரைத் தூக்க விடவில்லை நர்சு. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கோணிய கையில் கரண்டி இருந்தது. சென்னியப்பனின் வாய் கரண்டிக்காகத் திறந்திருந்தது.

சபாபதி கதவருகே நின்றுவிட்டார். மெதுவாகக் கேட்டார்.

"கட்டி போயிருச்சு மேடம். வயசு போகல. நின்னுபோன செல்லெல்லாம் அங்கேயேதான் இருக்கு. இன்னொண்ணு எப்ப வேணாலும் வரலாம். நாம எத்தனை காலத்துக்கு இவங்களைக் காப்பாத்தியிருக்கோம்?"

நிலோபர் அந்தக் கரண்டி கிண்ணத்துக்குப் போய் மறுபடியும் மேலே வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை அவங்க வீட்டுக்காரரைத்தான் கேக்கணும் சார்."