முன்தோளில் வலி

"மேடம், நான் போட்ட ஊசியெல்லாம் வீண்" என்றார் எட்வின்.

எட்வினுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் பிசியோதெரபி பார்த்தவர். மருந்தில்லாத வெறும் ஊசியால் இறுகிய தசையைத் தளர்த்தும் சிகிச்சையைக் கற்றுக்கொள்ள, தன்னைவிட இருபது வயது இளைய நஸ்ரினிடம் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார்.

நஸ்ரின் கை கழுவிக்கொண்டிருந்தார். "யாருக்குப் போட்டீங்க சார்?"

"பரோட்டா மாஸ்டர் சுடலைமுத்துக்கு. மூணு தடவை. வலிக்கிற இடத்துலயே போட்டேன். கை எழும்பவே மாட்டேங்குது. கடையில கல்லுக்கு வேற ஆளை நிறுத்திட்டாங்களாம்."

"கூப்பிடுங்க."

சுடலைமுத்து வந்து சட்டையைக் கழற்றினார். வலது தோளின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இங்கனதான்."

நஸ்ரின் அங்கே பார்க்கவே இல்லை. அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார். முதுகில், தோள்பட்டை எலும்பின் மேல் விரல் மெல்ல ஊர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. அழுத்தியது.

"யம்மா! முன்னாடில்லா தெறிக்கி!"

"இதே வலிதானா அண்ணே?"

"இதேதான் தாயி!"

ஊசி இறங்கியது. தசை ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

சற்றுப் பொறுத்து எழுந்து உட்கார்ந்த சுடலைமுத்து கையைத் தூக்கினார். தோளைத் தாண்டியது. காது வரை போனது. அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போனதும் எட்வின் கேட்டார். "வலி முன்னால. ஊசி பின்னால. எப்படி மேடம்?"

"டீ சாப்பிடுவோமா சார்?"

எட்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். முன்னால் வலி என்றால் பின்னால் ஊசி. பேருந்தில் அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று முதலில் வந்தவர் மங்கையர்க்கரசி. கல்லூரி நூலகர். எலும்பும் தோலுமான உடம்பு. ஆறு மாதமாக மேல் அடுக்குப் புத்தகத்தை எட்ட முடியவில்லை.

"வலி எங்கம்மா?"

"தோள்ல சார். முன்பக்கம்."

எட்வினுக்கு மனசு லேசானது. கேள்வி தெரிந்த கேள்வி. அவரைக் குப்புறப் படுக்க வைத்தார். ஊசியைப் பிரித்தார். நேற்று பார்த்த அதே இடத்துக்குக் கொண்டுபோனார்.

நஸ்ரின் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யாருக்குப் போடுறீங்க சார்?"

"இவங்களுக்குத்தான்."

"அது சுடலைமுத்து அண்ணனோட இடமாச்சே."

எட்வின் குனிந்து பார்த்தார். சுடலைமுத்துவின் முதுகு கதவு மாதிரி அகலம். இந்த முதுகில் தோள்பட்டை எலும்பு உள்ளங்கை அளவுதான் இருந்தது. ஊசி முனை அதைத் தாண்டி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே, தோலுக்கு நேர் மேலே நின்றது. அதற்கு அடியில் நுரையீரல்.

ஊசி முனையை மேலே தூக்கினார்.

"அப்ப... இவங்களுக்கு எங்க மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்?"

நஸ்ரின் விளையாடவில்லை. நிஜமாகவே தெரியாத முகம். மணிக்கட்டை விட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

எட்வின் ஊசியைக் கழிவுப் பெட்டியில் போட்டார். கையில் எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். இருபத்தாறு வருடத்தில் இப்படி நின்றதே இல்லை.

பிறகு ஒரு விரலை அந்தத் தோள்பட்டையில் வைத்து மெல்ல அழுத்தினார்.

"அம்மா, இங்கயா?"

"இல்ல சார்."

நகர்த்தினார். "இங்க?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இங்க?"