குளத்துப் பாறையில் சொல்லாத சொல்

கல்லாற்றுக் காட்டில் செதிலப்பர் என்ற எறும்புத்தின்னி இருந்தார். அவருடைய வளையைப் பார்த்துப் பெருமூச்சு விடாத பிராணியே கிடையாது. மேட்டு நிலம், இரண்டு வாசல், நடுவில் விசாலமான அறை. எவ்வளவு மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. ஆறு வருஷம் நகம் தேயத் தேயத் தோண்டியதல்லவா!

அவரோடு செம்பி என்ற கீரியும் அங்கே இருந்தாள். காட்டுத்தீயில் தாயைப் பறிகொடுத்து, கண்கூடத் திறக்காமல் கிடந்தவளைத் தூக்கிவந்து வளர்த்தவர் அவர்தான். அவள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தனக்குப் பிறகு வளை யாருக்கு என்று சொல்ல விரும்புகிறவர், குளத்துப் பாறைமேல் ஏறி மூன்று சாட்சிகள் கேட்கச் சொல்லவேண்டும். பறப்பதில் ஒருவர், நடப்பதில் ஒருவர், நீந்துவதில் ஒருவர். நடக்க முடியாதவர் சாட்சிகளை வீட்டுக்கே கூப்பிடலாம். சொல்லாமல் கண்ணை மூடினால் வளை ரத்த உறவுக்குப் போய்விடும்.

ஒருநாள் காலையில் செதிலப்பர் கிளம்பினார்.

"கண்ணு, குளத்துப் பாறைவரைக்கும் போயிட்டு வரேன். இந்த வளை உனக்குத்தான்னு சொல்லிவச்சுடறேன்."

செம்பி அவர் வாலைப் பிடித்து இழுத்தாள். "என்ன பேச்சு பெரியப்பா இது! வாயில நல்ல வார்த்தையே வராதா? நீங்க நூறு வருஷம் இருப்பீங்க!"

"இருந்துட்டுப் போறேன். சொல்லி வச்சா என்ன குறைஞ்சிடும்?"

"அந்தப் பாறையில ஏறினீங்கன்னா நான் சாப்பிடவே மாட்டேன்!"

சொன்னபடியே இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். என்ன செய்வார் பாவம்! பாறைப் பேச்சையே விட்டுவிட்டார்.

செம்பிக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. கடைக்குட்டி பொட்டு எந்நேரமும் செதிலப்பரின் முதுகிலேயே கிடப்பாள். செதிலைப் பிடித்து ஏறுவாள், வழுக்கி விழுவாள், மறுபடி ஏறுவாள். அவளைப் பார்த்துச் செதிலப்பர் மறுபடியும் பாறைக்குக் கிளம்பினார்.

"பச்சைக் குட்டிங்க இருக்கிற வீட்டுல சாவுப் பேச்சா!" என்று செம்பி வாசலை மறித்து நின்று அழுதாள். அன்றும் அவர் போகவில்லை.

ஐப்பசி நெருங்கும் நேரத்தில் அவர் படுத்துவிட்டார். எழுந்து நடக்க முடியவில்லை. செம்பி எறும்பு பொறுக்கப் போயிருந்தபோது, அந்தப் பக்கம் வந்த நாரையிடம் மெதுவாகச் சொல்லியனுப்பினார். மறுநாள் உச்சிவெயிலில் நாரை வந்தது. கூடவே கடமானும், தண்ணீரை விட்டுச் சிரமப்பட்டு ஏறிவந்த ஆமையும்.

மூன்று சாட்சிகளும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்ததும் செம்பி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இவர்களை உள்ளே விட்டால் பெரியப்பா போய்விடுவார் என்று அவளுக்குள் ஒரு கிலி.

"பெரியப்பா இப்பதான் அசந்து தூங்கறார். நாளைக்கு வாங்களேன்!" என்றாள்.

பொய்தான். செதிலப்பர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். குரல் எழுப்பப் பார்த்தார், எழவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

நான்காம் நாள் அவருடைய தம்பி மகன் சுருளன் மலைக்கு அப்பாலிருந்து வந்தான். பெரியப்பா படுத்திருந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவன்!

"இது எங்க வளை. மழைக்கு முன்னாடி காலி பண்ணிடு."

"என்னை வளர்த்தவர் வளை இது! எனக்குத்தான்னு எத்தனை தடவை சொன்னார் தெரியுமா?"

"யார்கிட்டச் சொன்னார்?"

குளக்கரையில் வழக்குக் கூடியது. அந்தக் காட்டில் வழக்கு விசாரிப்பது கடமான்தான். தனக்குத் தெரிந்ததையே முறைப்படி கேட்டது. "செதிலப்பர் சொன்னதை மூணு சாட்சி கேட்டதுண்டா?"

நாரை தலையைக் குனிந்துகொண்டது. "கேட்கத்தான் போனோம். இந்தப் பொண்ணுதான் நாளைக்கு வான்னு அனுப்பிடுச்சு."

"அவர் மனசு இந்தக் காட்டுக்கே தெரியுமே!" என்று ஆமை கத்தியது.

"எனக்கும் தெரியும்" என்றது கடமான். அதன் கண்ணும் கலங்கியிருந்தது. "ஆனா மனசைத் தெரிஞ்சுகிட்டுத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பிச்சா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு மனசைச் சொல்லிக்கிட்டு வருவாங்க. அவர் வாயால சொல்லியிருந்தா, இவன் வளைக்குள்ள கால் வைக்க விட்டிருப்பேனா?"

செம்பி நான்கு குட்டிகளையும் ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு இறங்கினாள். நல்ல இடமெல்லாம் ஏற்கெனவே ஆள் பிடித்திருந்தது. கடைசியில் ஓடைக்கரை மருதமரத்து வேரடியில் ஒரு பொந்து கிடைத்தது.

மூன்றாம் நாள் விடியலில், இரவெல்லாம் கொட்டிய மழையில் ஓடை பெருகியது. ஒன்றைத் தூக்கி மேட்டில் விட்டாள். ஓடினாள். இரண்டாவதைத் தூக்கினாள். மூன்றாவதையும் தூக்கினாள். பொட்டுவைத் தூக்க வந்தபோது பொந்து இருந்த இடத்தில் செந்நீர் சுழித்துக்கொண்டிருந்தது. வெறிபிடித்தவள்போல் கரையெல்லாம் ஓடினாள், கூப்பிட்டாள். பொட்டு கிடைக்கவில்லை.

மேட்டில் அந்தப் பழைய வளை சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. சுருளன் அதில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மழை விட்ட அன்று செம்பி குளத்துப் பாறைமேல் ஏறினாள். நாரையையும் கடமானையும் ஆமையையும் கூப்பிட்டாள்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் மூணு குட்டிங்களையும் மேட்டுக்காட்டு முயலக்கா வளர்க்கணும். அவகிட்டக் கேட்டுட்டேன். நான் இப்பத் தோண்டற வளை மூணு பேருக்கும் பொது. கேட்டுக்கிட்டீங்களா?"

நாரைக்குத் தாங்கவில்லை. "வயசு என்ன ஆகுது உனக்கு? வாயில நல்ல வார்த்தை சொல்லேன்மா!"

செம்பி அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதேதான் நானும் எங்க பெரியப்பாகிட்டச் சொன்னேன்" என்றாள். அப்படியே பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நமக்குப் பிறகு நம்மவர்களுக்கு என்ன என்பதை நன்றாக இருக்கும்போதே சாட்சி வைத்துச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்ல வருகிறவரின் வாயை, பாசத்தால்கூட அடைக்கக் கூடாது.