ஆயிரத்து ஒன்பது இலை

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதங்காடு என்ற நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனிதர். ஆனால் எதுவும் வரிசையாக இருக்க வேண்டும் அவருக்கு. தோட்டத்து வாழை ஒன்று வரிசை தப்பி நின்றாலும் சாப்பாடு இறங்காது.

அந்த வருஷம் பெருவெள்ளத்தில் ஏரிக்கரை உடையாமல் காத்தவர்கள் ஆயிரத்து ஒன்பது வீரர்கள். அவர்களுக்கு விருந்து வைக்க அரண்மனைச் சமையல் தலைவி குழலியிடம் சொன்னார் ராஜா. "ஒரே நீள வரிசையாகப் போடாதே. எல்லா வரிசையிலும் ஒரே அளவு ஆட்கள் உட்கார வேண்டும். யாரும் மிஞ்சக் கூடாது."

"அந்த எண்ணிக்கையில் வரிசை அமையாது, மகாராஜா" என்றாள் குழலி.

அவள் பேச்சை ராஜா கேட்பதே பிடிக்காத அமைச்சர் வில்லவராயர் குறுக்கிட்டார். "கடைசியாகச் சேர்ந்த ஒன்பது பேரை வெளியே சாப்பிடச் சொல்லுங்கள். ஆயிரம் பேர் அழகாக உட்காரலாம்."

"அவர்களும் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள்தானே?" என்றாள் குழலி.

ராஜாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "வில்லவராயரே, ஒன்பது பேரையும் சேர்த்தே வரிசை அமைத்துக் காட்டும்" என்றார்.

வில்லவராயர் ஆயிரத்து ஒன்பது புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி அடுக்கினார். இரண்டு வரிசை வைத்தால் ஒன்று மிச்சம். மூன்றிலும் ஒன்று. ஐந்தில் நான்கு. ஏழில் மறுபடி ஒன்று. வெளியே வீரர்கள் பசியோடு காத்திருந்தார்கள். ஒன்றுவிடாமல் வைத்துப் பார்த்து, முப்பத்தொரு வரிசை வைத்தபோதும் பதினேழு கொட்டை மிஞ்சியது.

"போதும் ஐயா, இனி அமையாது" என்றாள் குழலி.

"ஆயிரம் வரை பார்க்க வேண்டாமா?" என்றார் ராஜா.

"முப்பத்திரண்டு வரிசை வைத்து, வரிசைக்கு முப்பத்திரண்டு பேர் உட்கார்ந்தாலே ஆயிரத்து இருபத்துநாலு ஆகிவிடும். அதனால் வரிசை முப்பத்திரண்டோ அதற்கு மேலோ போனால், வரிசைக்கு முப்பத்தொரு பேருக்கு மேல் வரமாட்டார்கள். அதையே பக்கவாட்டில் நின்று பாருங்கள். முப்பத்தொன்றோ அதற்குக் குறைவோதான் வரிசை. அத்தனையும் வைத்துப் பார்த்துவிட்டோமே."

ராஜா எழுந்துபோய்க் கொட்டைகளைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "சரி, இப்போது என்ன செய்வது?"

"இன்னும் ஒரு இலை போட்டால் பத்து வரிசை. வரிசைக்கு நூற்றொரு பேர்."

"அந்த இலை யாருக்கு?"

"காலையிலிருந்து நீங்களும்தான் சாப்பிடவில்லை, மகாராஜா."

ராஜா சிரித்துவிட்டார். நேரே போய் அந்த ஒன்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்தார். வில்லவராயர் தயங்கித் தயங்கி, "நான் எங்கே உட்காருவது?" என்று கேட்டார்.

"நீர் உட்கார்ந்தால் வரிசை கெடும். முதலில் இவர்களுக்குப் பரிமாறும்" என்றார் ராஜா.

வெட்கத்தோடு சாம்பார் வாளியைத் தூக்கினார் அவர். மூன்றாவது வரிசைக்குள் வேலை பழகிவிட்டது. "இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா தம்பி?" என்று கேட்கவும் ஆரம்பித்தார்.

விருந்து முடிந்ததும் குழலியை அமைச்சரவையில் சேர்த்தார் ராஜா. "வேறென்ன வேண்டும், கேள்" என்றார்.

"இந்தப் படையின் எண்ணிக்கை எப்போதும் ஆயிரத்து ஒன்பதாகவே இருக்கட்டும்" என்றாள் அவள். "அப்போதுதான் வருஷா வருஷம் நீங்கள் வந்து அவர்களோடு உட்கார வேண்டியிருக்கும்."