செட்டுக்கு வேலை கிடைத்த நாள்

அந்தக் காலத்தில் சொற்களுக்குக் கால் இருந்தது. வேலை தேடிக் கப்பலேறி ஊர் ஊராகப் போகும். நாகப்பட்டினத் துறைமுகத்தில் ஒரு சட்டம் உண்டு. வந்திறங்கிய சொல்லைக் கப்பல் திரும்புவதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது மறுபடி கப்பலேற வேண்டியதுதான். யாரும் சொல்லாத சொல் உப்புக் காற்றில் கரைந்து போய்விடும்.

ஒருநாள் மூன்று ஆங்கிலச் சொற்கள் வந்தன. பெஞ்சையும் பாட்டிலையும் உடனே ஆள் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். செட் மட்டும் நின்றது. பாவம், அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. பீங்கான் கோப்பையையும் தட்டையும் பிரியாமல் சேர்த்து வைப்பது. பித்தளைச் செம்பில் குடிக்கிற ஊரில் அதை யார் தேடுவார்கள்?

வளையல் கடை மஸ்தானிடம் வேலை கேட்டது. "எங்கிட்டதான் ஜோடி இருக்கே, நீ எதுக்கு?" என்றார் அவர்.

உச்சி வேளை. பொழுது சாயக் கப்பல் கிளம்பிவிடும். தயிர்க்காரி அஞ்சுகம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்க ஊரு தோய்தல்ங்கிற சொல்லுக்குக் காய்ச்சல். அது வந்து நின்னாத்தான் பாலு தயிராவும். நாளைக்குக் கல்யாண வீட்டுக்குக் குடுக்கணும். நீ வந்து நிக்கிறியா?"

அது என் வேலையில்லை என்பது செட்டின் நாக்கு நுனிவரை வந்தது. ஊர்ச் சொற்களெல்லாம் அப்படித்தான் சொல்லும். ஒன்றின் வேலையை இன்னொன்று தொடாது, அவ்வளவு கௌரவம். செட் கப்பலைப் பார்த்தது.

"வரேங்க" என்றது.

கோப்பையையும் தட்டையும் சேர்த்துப் பழகிய கையால் பாலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. கப்பலில் பாய் விரிக்கிற நேரத்தில் அஞ்சுகம் பானையைத் திறந்தாள்.

"அப்பாடா, தயிர் செட் ஆயிடுச்சு."

செட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இல்லையென்று சொல்லாத சொல் ஒன்று வந்திருக்கிறதாம் என்று ஊரெல்லாம் பேச்சு. தோசைக் கடைக்காரர் கூப்பிட்டார், போனது. நாடகக்காரர்கள் அரண்மனை கட்டக் கூப்பிட்டார்கள், போனது. மஸ்தானே வெட்கத்தோடு வந்து கூப்பிட்டார். காய்ச்சல் தேறி வந்த தோய்தலைப் பார்த்துத்தான் செட் நடுங்கியது.

"எதுக்கு நடுங்குறே?" என்றது தோய்தல். "இத்தனை பானையை நான் ஒருத்தியா பாக்குறது? நீயும் இரு."

அன்று முதல்தான் தயிர், தோசை, வளையல், நாடகம் என்று எதற்கு அழைத்தாலும், மாப்பிள்ளையும் பெண்ணும் ஒத்துப்போவார்களா என்று கேட்கிற வீட்டுக்கு அழைத்தாலும், செட் ஏனென்று கேட்காமல் போய் நிற்கிறது. வாசலில் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்க்கும், அந்தக் கப்பல் போய்விட்டதுதானே என்று.